சிப்பாயின் குடியுரிமையும் சிறுநீர்க் குப்பியும்: ஓர் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

அமெரிக்கப் படைகளில் இன்று பணியாற்றும் தமிழர்களும், பணி முடித்து வெளியே வந்தவர்களும், அவர்களைப் பெற்றவர்களும், அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டவர்களும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். பணிக்கு வரும் சிப்பாயின் தலை தெளிவாக இருக்க வேண்டும். அதை உறுதிசெய்ய எவ்வளவு கடுமையான விதி வந்தாலும் ஏற்கிறோம். ஆனால் கஞ்சாவை மாநிலச் சட்டம் அனுமதித்திருக்கும் ஊரில், விடுப்பு நாளில், 21 வயது நிரம்பிய ஒருவர் அதைப் புகைத்தார் என்பதற்காக அவருடைய வேலையும் படிப்பும் மருத்துவமும் குடியுரிமையும் ஒருசேரப் பறிபோவதை ஏற்க மாட்டோம். அந்த நிலையை மாற்றும்வரை இந்த இயக்கம் நடக்கும்.

இதை ஆங்கிலத்தில் எழுதினால் போதாதா என்று எங்களுக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. ஆங்கிலத்திலும் எழுதுவோம். ஆனால் முதலில் தமிழில் எழுத வேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது. 2008 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ‘மாவ்னி’ என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கிரீன் கார்டுகூட இல்லாமல், படிப்பு விசாவிலோ வேலை விசாவிலோ சட்டப்படி இங்கே தங்கியிருப்பவர்கள் படைக்குத் தேவையான மொழியோ மருத்துவத் தொழிலோ அறிந்திருந்தால் நேராகப் படையில் சேரலாம், சேர்ந்த கையோடு குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம் என்பதுதான் திட்டம். படை கேட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. மலையாளமும் சிங்களமும் இருந்தன. 2016இல் புதிதாக ஆள் எடுப்பது நிற்கும்வரை 10,000க்கும் மேற்பட்டவர்கள் இந்த வழியாகச் சேர்ந்தார்கள். முதுகலை படிக்க வந்து, கல்விக் கடன் கழுத்தை நெரிக்க, ஹெச்-1பி குலுக்கலில் பெயர் விழாமல் தவித்த பிள்ளைகளுக்குத் தாய்மொழியே இங்கே கால் ஊன்ற இடம் கொடுத்தது. அவர்களைத் தவிர, இங்கேயே பிறந்து வளர்ந்து, பதினெட்டு வயதில் சீருடை போட்டுக்கொண்ட பிள்ளைகளும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

இப்படிக் கிடைத்த குடியுரிமையோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வருகிறது. பெரும்பாலான பெற்றோருக்கு அது தெரியாது. குடியேற்றச் சட்டத்தின் 329ஆம் பிரிவின்படி, படைப்பணியின் வழியாகக் குடியுரிமை பெற்றவர் ஐந்து ஆண்டுகள் கௌரவமாகப் பணியாற்றி முடிப்பதற்குள் கௌரவக் குறைவான நிலையில் வெளியேற்றப்பட்டால், அந்தக் குடியுரிமையை அரசு ரத்துச் செய்யலாம். 2003 நவம்பருக்குப் பிறகு குடியுரிமை பெற்ற எல்லாருக்கும் இது பொருந்தும். அதே யூனிட்டில், அதே கூடாரத்தில் படுத்துறங்கும், அயோவாவில் பிறந்த சிப்பாய்க்கு இந்த ஆபத்து இல்லை. ஒரே தவறுக்கு ஒருவன் வேலையை இழக்கிறான், இன்னொருவன் நாட்டையே இழக்க நேரலாம். இது அநீதி.

இனிச் சட்டத்துக்கு வருவோம். படையினருக்கான தனி நீதிச் சட்டத்தில் 112ஏ என்ற பிரிவு 1983இல் சேர்க்கப்பட்டது. அபினி, ஹெராயின், கொக்கேன், எல்.எஸ்.டி. என்று அது அடுக்கும் பெயர்களின் வரிசையில் கஞ்சாவும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. இது முக்கியமான விவரம். மத்திய அரசு கஞ்சாவைக் கடுமை குறைந்த பட்டியலுக்கு மாற்ற 2024 மே மாதத்தில் முன்மொழிந்தபோது, படையில் இருப்பவர்களுக்கும் விடிவு வந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். அந்த மாற்றம் முழுதாக நடந்தேறினாலும் சிப்பாய்க்கு ஒன்றும் மாறாது. 112ஏ பிரிவில் எழுதியிருக்கும் பெயரை நாடாளுமன்றம்தான் எடுக்க முடியும். வயது வந்தோர் கஞ்சா பயன்படுத்துவதை 24 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அனுமதித்துவிட்டன. கலிபோர்னியா, வாஷிங்டன், கொலராடோ, வர்ஜீனியா என்று பெரும் படைத்தளங்கள் இருக்கும் மாநிலங்களும் அதில் அடக்கம். சான் டியேகோவில் தளத்தின் வாசலைத் தாண்டினால் உரிமம் பெற்ற கடை. ஆனால் சிப்பாய்க்கு வாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் அதே பொருள் ராணுவக் குற்றம்.

குற்றத்தைக் கண்டுபிடிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, எப்போது என்று முன்கூட்டிச் சொல்லாமல், சிப்பாயை அழைப்பார்கள். உடன் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, குப்பியில் சிறுநீர் கொடுக்க வேண்டும். ஆய்வகம் தேடுவது போதையை அல்ல. கஞ்சாவின் போதைப் பொருளை ஈரல் உடைத்த பிறகு எஞ்சும் கழிவைத்தான் தேடுகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்பது முதல் சோதனையின் வரம்பு, 15 நானோகிராம் என்பது உறுதிசெய்யும் சோதனையின் வரம்பு. இந்தக் கழிவுக்குப் போதை தரும் சக்தி கிடையாது. அதன் மூலப்பொருள் கொழுப்பில் தங்கிச் சிறிது சிறிதாக வெளியேறுவதால், அடிக்கடி புகைத்தவரின் உடலில் கழிவு வாரக்கணக்கில் தென்படும். சனிக்கிழமை இரவு ஒரு முழு பாட்டில் விஸ்கியைக் காலிசெய்தவன் திங்கள்கிழமை காலை இந்தக் குப்பிச் சோதனையில் சிக்க மாட்டான். அவனுக்குப் பக்கத்தில், அதே சனிக்கிழமை ஒரு சுருட்டைப் பகிர்ந்துகொண்டவன், முழுத் தெளிவோடு நிற்கும்போதே குற்றவாளி. 2020 பிப்ரவரியில் பாதுகாப்புத் துறை இன்னும் ஒரு படி மேலே போய், போதை தராத ஹெம்ப் செடியிலிருந்து எடுத்து நாடெங்கும் கடைகளில் விற்ற எண்ணெயையும் மிட்டாயையும்கூடத் தடைசெய்தது. எண்ணெயா கஞ்சாவா என்று சோதனை பிரித்துச் சொல்லாமல் போகலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சோதனையின் குறைக்குச் சிப்பாய் ஈடுகட்டுகிறான்.

சோதனையில் சிக்கியபின் நடப்பது இது. தரைப்படையில் கட்டளை அதிகாரி அவனை வெளியேற்றும் நடவடிக்கையைத் தொடங்கியே ஆக வேண்டும். பதவி இறங்கும், சம்பளம் வெட்டப்படும். ‘பொது விடுவிப்பு’ என்ற நடுத்தரச் சான்றோடு அனுப்பினால் 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. சட்டம் தரும் கல்லூரிப் படிப்புச் செலவு போய்விடும், ஏனென்றால் அதற்கு முழுக் கௌரவ விடுவிப்பு வேண்டும். அதற்கும் கீழான சான்று என்றால் முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் கதவும் சிக்கலாகும், குடியுரிமைக்கும் ஆபத்து வரும். குடும்பத்தில் மற்றவர்களையும் இது தொடும். கிரீன் கார்டு வைத்திருக்கும் மனைவியோ தம்பியோ, மாநிலச் சட்டம் அனுமதித்ததுதானே என்று கஞ்சா பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டால், அது குடியுரிமைக்கு வேண்டிய நன்னடத்தையைக் கெடுக்கும் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுதியே வைத்துவிட்டது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அதை எதிர்ப்பது முறையல்ல. பனாமா கால்வாய்ப் பகுதியில் காவலிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் கஞ்சா புகைப்பதைப் பார்த்துக் கவலைப்பட்ட அதிகாரிகள் 1925இல் ஒரு குழு அமைத்தார்கள். குழு சிப்பாய்களைப் புகைக்க வைத்துப் பார்த்தது, மருத்துவர்களையும் காவலர்களையும் விசாரித்தது. தடுப்பு நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்று அறிக்கை தந்தது. கர்னல் ஜே.எஃப். சைலர் தலைமையில் நடந்த அடுத்த ஆய்வு 1933இல் படை மருத்துவர்களின் இதழிலேயே வெளியானது. படை ஒழுங்குக்குக் கஞ்சா பெரிய ஆபத்தாக இருப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவும். தன் சொந்த மருத்துவர்கள் தன் சொந்தச் சிப்பாய்களிடம் கண்டறிந்ததைப் படையே மறந்துவிட்டது. அந்தக் காலத்துக் கஞ்சா இப்போதையதைவிடப் பலவீனமானது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

பிறகு வியட்நாம். 1968 வாக்கில் அங்கே கஞ்சாவுக்கு எதிராகப் படை கடுமையாக இறங்கியது. கஞ்சாவின் வாசனை காட்டிக்கொடுக்கும், ஹெராயினுக்கு வாசனை இல்லை. சிப்பாய்கள் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனார்கள் என்று அங்கே சென்று ஆராய்ந்தவர்கள் அப்போதே எழுதினார்கள். 1971 ஜூனில் நிக்சன் அரசு, வீடு திரும்பும் ஒவ்வொரு சிப்பாயும் விமானம் ஏறுமுன் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்றது. அன்று தேடியது ஹெராயினை. நோக்கம் சிகிச்சை. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் திரும்பி வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசியபோது, வியட்நாமில் ஐந்தில் ஒருவர் அபினி வகைப் போதைக்கு அடிமையாக இருந்ததும், ஊர் திரும்பியபின் அவர்களில் மிகச் சிலரே மறுபடி அதில் விழுந்ததும் தெரிந்தது. போர்தான் அவர்களை அதில் தள்ளியது, வீடு மீட்டது. இந்த ஓர் ஆய்வை நாடாளுமன்றத்தில் ராணுவ விவகாரக் குழு உறுப்பினர் ஒவ்வொருவரின் மேசையிலும் வைப்போம்.

சிகிச்சைக்கான குப்பி தண்டனைக்கான குப்பியாக மாறியது 1981இல். அந்த ஆண்டு மே 26ஆம் தேதி இரவு, ஃப்ளோரிடா கடற்கரைக்கு அப்பால், விமானந்தாங்கிக் கப்பல் நிமிட்ஸின் தளத்தில் இறங்க வந்த ப்ரௌலர் விமானம் மோதி வெடித்தது. 14 பேர் இறந்தார்கள். இறந்த தளப் பணியாளர்கள் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் இருந்தது என்ற செய்தி நாட்டை உலுக்கியது. கஞ்சாவால்தான் விபத்து நடந்தது என்று எவரும் நிறுவவில்லை. விமானியின் உடலில் அளவுக்கு மீறிய சளி மருந்து இருந்தது என்ற தகவலும் வந்தது, ஆனால் அது மக்கள் மனதில் நிற்கவில்லை. ஆண்டு முடிவதற்குள், சிறுநீர்ச் சோதனையின் முடிவை வைத்துத் தண்டிக்கலாம் என்று பாதுகாப்புத் துறை உத்தரவிட்டது. இறந்த அந்த 14 பேரின் குடும்பங்களுக்கு முன்னால் நாங்கள் தலை குனிகிறோம். அவர்களுடைய துயரத்தைச் சாக்காக்கி எழுதப்பட்ட விதியைக் கேள்வி கேட்பது அவர்களை அவமதிப்பதாகாது.

அந்த விதி பலன் தரவில்லை என்று சொல்ல மாட்டோம். 1980இல் படை நடத்திய கணக்கெடுப்பில், கடந்த 30 நாட்களில் ஏதோ ஒரு போதைப்பொருளை எடுத்ததாக நூற்றுக்கு 27 பேருக்கு மேல் ஒப்புக்கொண்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. அந்தக் கணக்கெடுப்பு நடந்த காலத்தில் பணிக்கே போதையில் வந்தவர்கள் இருந்தார்கள். ஒழுங்கு தேவைப்பட்டது, வந்தது. ஆனால் சோதனைக்குப் பயந்தவன் எல்லாம் ஒழுங்கானவன் ஆகிவிடவில்லை. சிறுநீரில் சிக்காது என்று கேள்விப்பட்டு ‘ஸ்பைஸ்’ என்ற செயற்கைச் சரக்குக்குப் போனவர்கள் ஏராளம். வலிப்பும் மனப்பிறழ்வும் தரக்கூடிய அந்த ரசாயனம் கஞ்சாவைவிடப் பல மடங்கு கொடியது. வியட்நாமில் நடந்த அதே தவறு, வேறு பெயரில். மற்றவர்கள் மதுவுக்குப் போனார்கள். 2018இல் எடுத்த கணக்கின்படி, பணியில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவர், முந்தைய 30 நாட்களில் ஒரே அமர்வில் அளவுக்கு மீறிக் குடித்திருந்தார். அந்த மதுவைத் தளத்துக்குள்ளேயே ‘கிளாஸ் சிக்ஸ்’ கடையில் படைதான் விற்கிறது.

மதுவுக்குப் படை வைத்திருக்கும் விதியைப் பாருங்கள். விமானி பறப்பதற்கு முன் 12 மணி நேரம் குடிக்கக் கூடாது. பணியில் குடிபோதையில் இருந்தால் ஒரு பிரிவு, குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் இன்னொரு பிரிவு. எல்லாம் நேரத்தையும் நிலையையும் பார்க்கும் விதிகள். அவன் சனிக்கிழமை என்ன செய்தான் என்று அவை கேட்பதில்லை. படையே தன் கையால் கொடுக்கும் மருந்துகளுக்கு இன்னும் தாராளம். 2002 ஏப்ரல் 17ஆம் தேதி இரவு, கந்தஹார் அருகே டார்நாக் ஃபார்மில் பயிற்சி செய்துகொண்டிருந்த கனடா வீரர்கள் மீது அமெரிக்க எஃப்-16 விமானம் ஒன்று தவறுதலாகக் குண்டு போட்டது. நான்கு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். தூக்கத்தைத் துரத்த விமானப்படை கொடுத்த டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் மாத்திரை தங்கள் கட்சிக்காரர்களின் நிதானத்தைப் பாதித்திருக்கலாம் என்று விமானிகளின் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். அந்த வாதம் சரியா என்ற வழக்குக்குள் நாங்கள் போகவில்லை. சிப்பாயின் உடலில் எந்தப் பொருள் போகலாம் என்ற முடிவை இத்தனை ஆண்டுகளாக மருத்துவ அறிவு மட்டும் எடுக்கவில்லை என்பதே எங்கள் கவலை.

நான்கு பிள்ளைகளை அங்கே பறிகொடுத்த கனடாதான் எங்களுக்கு வழிகாட்டுகிறது. 2018 அக்டோபர் 17ஆம் தேதி கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானது. அதே நாளில் கனடாப் படையின் உத்தரவும் நடைமுறைக்கு வந்தது. பணிக்கு முந்தைய 8 மணி நேரம் எவரும் தொடக் கூடாது. குண்டு நிரப்பிய ஆயுதத்தைக் கையாளுபவர், வெடிபொருளோடு வேலை செய்பவர், படை வண்டி ஓட்டுபவர் 24 மணி நேரம் விலகியிருக்க வேண்டும். விமானத்தில் பணியாற்றுபவர், நீர்மூழ்கியில் இருப்பவர், ஆழ்கடலில் மூழ்குபவர், மிக உயரத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பவர் 28 நாட்கள். போர்ப்பணியிலும் களப்பயிற்சியிலும் இருக்கும் காலம் முழுவதும் தடை. கப்பலிலோ விமானத்திலோ வைத்திருக்கவே கூடாது. மீறினால் தண்டனை உண்டு. இந்த விதியோடுதான் கனடாப் படை இன்றும் லாட்வியாவில் நேட்டோவின் பன்னாட்டு அணிக்குத் தலைமை தாங்கி, ரஷ்ய எல்லைக்கு அருகே நிற்கிறது. அமெரிக்கப் படை அவர்களோடு தோளோடு தோள் நின்று பயிற்சி செய்கிறது. அவர்களை நம்ப முடிந்தால், தன் சொந்தப் பிள்ளைகளையும் நம்பலாம்.

இங்கே ஒரு கடினமான கேள்வி வரும். மதுவுக்கு ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது, கஞ்சா போதையை அளக்க அப்படி எதுவும் இல்லையே, கட்டளை அதிகாரி எதை வைத்து முடிவெடுப்பார்? நேர்மையான கேள்வி. இதை இன்னும் கூர்மையாக்கும் ஆய்வு ஒன்றையும் நாங்களே எடுத்து வைக்கிறோம். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒன்பது விமானிகளுக்குக் கஞ்சா கொடுத்து, 24 மணி நேரம் கழித்து செயற்கை விமானத்தில் உட்காரவைத்தார்கள். 1991இல் வெளியான முடிவின்படி ஒன்பதில் ஏழு பேரின் திறன் அப்போதும் குறைந்திருந்தது. அதை உணர்ந்தவர் ஒரே ஒருவர். ஆகவே எனக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது என்ற சிப்பாயின் வாக்கை மட்டும் நம்பி விதி எழுத முடியாது. விமானத்துக்கும் நீர்மூழ்கிக்கும் 28 நாட்கள் என்று கனடா நீட்டியதன் நியாயம் இதில் இருக்கிறது. அந்த நீட்டிப்பை ஒரு மணி நேரம்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டோம். ஏவுகணை, அணு ஆயுதம், விமானம், நீர்மூழ்கி ஆகியவற்றில் பணியாற்றுபவர்களுக்கு முழுத் தடையே தொடரட்டும். மற்றவர்களுக்கு, சந்தேகம் எழும்போது செய்யும் உமிழ்நீர்ச் சோதனை போதும். சிறுநீர் பல வாரங்களைச் சொல்லும், உமிழ்நீர் அண்மைப் பயன்பாட்டைச் சொல்லும். லாரி ஓட்டுநர்களுக்கும் ரயில் ஓட்டுநர்களுக்கும் உமிழ்நீர்ச் சோதனைக்கு மத்தியப் போக்குவரத்துத் துறை 2023இல் தன் விதிகளில் இடம் கொடுத்துவிட்டது. அதை முழுமையாக்கப் படையின் ஆய்வகங்களுக்கு அறிவும் பணமும் இருக்கின்றன.

இன்னொன்றையும் திறந்து சொல்கிறோம். இது கஞ்சாவைப் போற்றும் இயக்கம் அல்ல. 1995இல் பறிமுதலான கஞ்சாவில் போதைப் பொருள் நூற்றுக்கு 4 பங்கு அளவில் இருந்தது, 2021இல் அது 15ஐத் தொட்டது. இருபதுகளில் இருக்கும் ஆண்களுக்கு, தீவிரமாகப் பயன்படுத்தினால் மனச்சிதைவு நோயின் ஆபத்து கூடுகிறது என்று டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2023இல் வெளியான ஆய்வு எச்சரிக்கிறது. படையின் பெரும்பகுதி அந்த வயதில்தான் இருக்கிறது. அதனால்தான் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்தத் தளர்வும் கேட்கவில்லை. கஞ்சா விற்கும் நிறுவனங்களிடமிருந்து ஒரு டாலரும் இந்த இயக்கம் வாங்காது. எங்கள் மேடையில் அவர்களின் பெயர்ப் பலகை இருக்காது. சிப்பாயின் காயத்தைக் காட்டிச் சரக்கு விற்கும் கூட்டத்துக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

போரிலிருந்து மனக்காயத்தோடு திரும்பியவர்களுக்குக் கஞ்சா மருந்தாகுமா என்ற கேள்விக்கும் நாங்கள் பொய் நம்பிக்கை தர மாட்டோம். அரிசோனாவில் மருத்துவர் சூ சிஸ்லி பல ஆண்டுகள் அரசோடு போராடி, 80 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு 2021இல் வந்தது. போலிச் சரக்கைப் புகைத்தவர்களைவிட உண்மைக் கஞ்சாவைப் புகைத்தவர்கள் தெளிவாகக் குணமானார்கள் என்று அது காட்டவில்லை. கொடுத்த கஞ்சாவின் தரம், சோதனையின் அளவு எல்லாவற்றிலும் குறை சொல்ல இடமுண்டு, ஆனாலும் முடிவு அதுதான். 320 பேரை வைத்து அடுத்த சோதனை நடத்த 2024 நவம்பரில் அனுமதி கிடைத்திருக்கிறது. அதன் முடிவு எதுவானாலும் எங்கள் உறுப்பினர்களுக்கு அப்படியே சொல்வோம். எங்கள் சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவர் இன்றும் மாநில மருத்துவக் கஞ்சாத் திட்டத்துக்கான படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. நோயாளியோடு பேசலாம், குறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2016இல் இந்தத் தடையை நீக்கும் வாசகத்தை இரு அவைகளும் ஏற்றன. இறுதி மசோதா வெளிவந்தபோது வாசகம் அதில் இல்லை. அதே துறையின் மருத்துவமனைகளில் அபினி வகை வலி மாத்திரைகள் பல ஆண்டுகள் தாராளமாக வழங்கப்பட்டன. விஸ்கான்சினில் டோமா என்ற ஊரின் மருத்துவமனையை நோயாளிகளே ‘மிட்டாய் நாடு’ என்ற பொருளில் அழைக்கும் அளவுக்கு அது போனது.

எங்களை இந்த இயக்கத்துக்குக் கொண்டுவந்த எண் ஒன்று உண்டு. 2017 மே மாதத்தில் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை தந்தது. 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் நடத்தைக் குறைபாட்டுக்காகப் படையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களில் 57,141 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 62 பேருக்கு, வெளியேற்றத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் போர் மனக்காயமோ, மூளைக் காயமோ, நடத்தையைப் பாதிக்கக்கூடிய வேறு ஒரு நோயோ இருப்பதாகப் படையின் மருத்துவர்களே எழுதியிருந்தார்கள். அந்த 57,141 பேரில் 13,283 பேர் கௌரவக் குறைவான சான்றோடு அனுப்பப்பட்டார்கள். நோய் என்று ஒரு கை எழுதுகிறது, ஒழுங்கீனம் என்று இன்னொரு கை வெளியே தள்ளுகிறது. இவர்கள் எல்லாரும் போதைப்பொருளுக்காக வெளியேற்றப்பட்டவர்கள் அல்லர். ஆனால் இரவில் தூக்கம் வராமல் ஏதோ ஒன்றைத் தேடிப் போனவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பதை அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் நன்றாக அறிவோம்.

எங்கள் வீடுகளைப் பற்றியும் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பிரகடனத்தைத் தமிழில் எழுதியதில் பயனில்லை. கஞ்சா என்ற சொல் நம் வீட்டுக் கூடத்தில் நுழைந்தவுடன் பேச்சு நின்றுவிடுகிறது. குடிப்பவனுக்காவது அப்பா திட்டுவார், அம்மா அழுவார், மாமா வந்து சமாதானம் பேசுவார். கஞ்சா என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் காவல் நிலையமும் செய்தித்தாளில் வரும் கைதுப் படமும்தான். மகன் படையிலிருந்து பாதியில் வந்துவிட்டால், கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, முட்டி அடிபட்டுவிட்டது என்று ஊருக்கு ஒரு கதை போகிறது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பாட்டிக்கு அதுதான் சொல்லப்படுகிறது. பெண் பார்க்கும் பேச்சு வந்தால் அந்த மூன்று வருடமே வாழ்க்கையிலிருந்து துடைக்கப்படுகிறது. பையனோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறான். மேல்முறையீட்டுக்கு இருக்கும் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, எவரும் அவனிடம் சொல்லவில்லை. இந்த மௌனத்தை நாமே நம் பிள்ளைகள் மீது ஏற்றினோம். அரசாங்கத்திடம் கேட்கும் முன் இதை இறக்கி வைப்பதாக ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கிறோம். எங்கள் கூட்டங்களுக்கு அப்பாக்கள் வர வேண்டும். தாத்தா பாட்டிகள் வர வேண்டும். வழக்கறிஞர் மட்டும் போதாது.

அரசாங்கத்திடம் கேட்பவை இவை. 112ஏ பிரிவின் வரிசையிலிருந்து கஞ்சாவின் பெயரை எடுத்து, பணிக்கு முன் எத்தனை மணி நேரம், எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்று பணிக்கேற்ற விதியை எழுத வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நிறைவேறும் தேசியப் பாதுகாப்பு ஒப்புதல் சட்டமே அதற்கான இடம். அதைக் கையில் வைத்திருக்கும் இரு அவைகளின் ராணுவ விவகாரக் குழுக்களிடம் ஆண்டுதோறும் போவோம். படைப்பணியால் பெற்ற குடியுரிமையைக் கஞ்சாவுக்காக மட்டும் வெளியேற்றப்பட்ட எவரிடமிருந்தும் பறிக்க முடியாதபடி 329ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். நோய் இருப்பதாகப் படை மருத்துவர் எழுதிய பிறகு, அந்த நோயைக் கணக்கில் எடுக்காமல் எவரையும் கௌரவக் குறைவான சான்றோடு அனுப்பக் கூடாது. முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவர் தன் அறிவுப்படி எழுத உரிமை வேண்டும். இந்தக் கோரிக்கைகளில் ஒன்று நிறைவேறினால் மற்றதை விட்டுவிடுவோம் என்று பேரம் பேச மாட்டோம். ஆனால் எது முதலில் கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போவோம்.

சட்டம் மாற ஆண்டுகள் ஆகும். அதுவரை கையில் இருக்கும் வழியை விடக் கூடாது என்பதால் எங்கள் முதல் வேலை இன்றே தொடங்குகிறது. விடுவிப்புச் சான்றை மாற்றக் கோரி ஒவ்வொரு படைப் பிரிவின் மறுஆய்வு வாரியத்திடமும் விண்ணப்பிக்கலாம். கெடு, வெளியேறிய நாளிலிருந்து 15 ஆண்டுகள். படிவத்தின் எண் 293. கெடு தாண்டியவர்களுக்குப் பதிவுத் திருத்த வாரியம் இருக்கிறது. அதற்கு மூன்றாண்டுக் கெடு என்றாலும், நியாயம் கோரினால் தளர்த்தும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு, அதற்கான படிவத்தின் எண் 149. போர் மனக்காயம், மூளைக் காயம், மனநோய் ஆகியவற்றோடு தொடர்புள்ள விண்ணப்பங்களைத் தாராள மனத்தோடு பார்க்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறை 2014இலும், விரிவாக 2017 ஆகஸ்டிலும் இந்த வாரியங்களுக்கு எழுத்தில் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், டிடி-214 என்ற விடுவிப்புச் சான்றின் நகலையும், படையிலும் பிறகும் பார்த்த மருத்துவர்களின் குறிப்புகளையும், குடியுரிமைச் சான்றின் நகலையும் எடுத்து வையுங்கள். வெளியேறிய தேதியை ஒரு தாளில் எழுதி, அதோடு 15 ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தேதிக்கு இன்னும் ஓராண்டுகூட இல்லாதவர்களின் விண்ணப்பங்களைத்தான் முதலில் எடுக்கிறோம்.